பூச்சாடி மண்ணிலிருந்து எழும் கறுப்பு ஈ

நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை ஒன்று உண்டு. ஜன்னலோரத்துப் பிகோனியாவுக்கோ இஸ்தோப்பில் தொங்கும் பன்னத்துக்கோ தண்ணீர் ஊற்றியதும் மண்ணிலிருந்து சில கறுப்பு ஈக்கள் எழும்புகின்றன. நீளம் மூன்று மில்லிமீற்றர்கூட இராது. விளக்கைச் சுற்றுகின்றன, தேத்தண்ணிக் கோப்பையில் விழுகின்றன, முகத்துக்கு நேரே தள்ளாடிப் பறக்கின்றன. அடித்தால் சாகின்றன. பூச்சி ஸ்பிரே அடித்தால் அன்றைக்குக் குறைகின்றன. நாலைந்து நாளில் பழையபடி வந்துவிடுகின்றன. இலையைத் திருப்பிப் பார்த்தால் பூச்சி இல்லை, தண்டிலும் இல்லை. மழைக்காலத்தில் கதவும் ஜன்னலும் மூடியே இருக்கின்றன. அப்படியானால் இவை எங்கிருந்து வருகின்றன? இத்தனை கொன்றும் ஏன் குறையவில்லை?

இரண்டு கேள்விக்கும் விடை சாடி மண்ணின் மேல் ஐந்து சென்ரிமீற்றருக்குள் இருக்கிறது.

ஈயை அடையாளம் காணல்

இந்த ஈக்கள் சியாரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் வீட்டுச் செடிகளிலும் பசுமைக்குடில்களிலும் அதிகம் தென்படுபவை இக்குடும்பத்தின் பிராடிசியா பேரினத்து ஈக்கள். ஈர மண்ணில் வளரும் பூஞ்சணமே இவற்றின் குடம்பிகளுக்கு முக்கிய உணவு என்பதால் இந்த அத்தியாயத்தில் இவற்றைப் பூஞ்சண ஈ என்று அழைக்கலாம். பூஞ்சணம் என்பது பாடநூல்களில் பங்கசு என்று வருவதுதான்.

வீட்டில் பறக்கும் சிறு பூச்சியெல்லாம் பூஞ்சண ஈ ஆகிவிடாது. கனிந்த வாழைப்பழத்தை மொய்ப்பது பழ ஈ. அதன் உடல் பருத்துப் பழுப்பாகவும் கண் பெரும்பாலும் சிவப்பாகவும் இருக்கும். குளியலறைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் மயிரடர்ந்த சிறு பூச்சி வடிகால் ஈ. பூஞ்சண ஈயோ நுளம்பைப் போல மெலிந்தது. கால்கள் நீண்டவை, உணர்கொம்புகள் மணிமணியாகக் கோத்தவை. கைவில்லையில் பார்த்தால் சிறகின் நடு நரம்பு கவையாகப் பிரிந்திருப்பது தெரியும். பறப்பதில் அதற்குத் திறமை போதாது. பெரும்பாலும் மண்ணின் மேலும் சாடியின் விளிம்பிலும் ஓடித்திரியும். அது கடிக்காது, இரத்தம் குடிக்காது, மனிதருக்கு நோய் எதையும் பரப்புவதில்லை.

வாழ்நாளின் பெரும்பகுதி மண்ணுக்குள்

பூஞ்சண ஈக்கு முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, சிறகுள்ள ஈ என்று நான்கு பருவங்கள். கண்ணுக்குத் தெரிவது கடைசிப் பருவம் மட்டும். சிறகு முளைத்த ஈ ஒரு வாரம் அல்லது பத்து நாள் உயிரோடு இருக்கும். அந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு பெண் ஈ நூறு, சில வேளை இருநூறு முட்டைகள்வரை ஈரமண்ணின் மேற்பரப்பிலும் வெடிப்புகளிலும் இட்டுவிடுகிறது.

முட்டையிலிருந்து வருவது குடம்பி. வளர்ந்த குடம்பி ஐந்தாறு மில்லிமீற்றர் நீளம் இருக்கும். கால்கள் கிடையாது. தலை கறுத்து மினுங்கும். உடல் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால், தின்ற மண்ணும் மக்கும் குடல் வழியே கருங்கோடாக நகர்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம். எண்ணிக்கை பெருகிய சாடியில் மண்ணின் மேல் நத்தை ஊர்ந்தது போன்ற மெல்லிய பளபளப்புத் தடங்கள் தெரியும். அவை இந்தக் குடம்பிகளுடையவை.

ஏறக்குறைய 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டை பொரிக்க மூன்று நாளும், குடம்பி வளரப் பத்து நாளும், கூட்டுப்புழுவாக இருக்க நான்கு நாளும் ஆகின்றன. பதினேழு நாள் வளர்ச்சியும் தரைக்குக் கீழேயே நடந்து முடிகிறது. ஆகவே அறைக்குள் பறக்கும் ஈக்களை ஒரே மாலையில் முழுவதும் கொன்றுவிட்டாலும், வெவ்வேறு வயதில் இருக்கும் குடம்பிகளும் கூட்டுப்புழுக்களும் அடுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டே இருக்கும்.

மலைநாட்டுக் குளிர் என்ன செய்கிறது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர். அதற்கு மேற்கே உள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவக்காற்று இந்தச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். மழை விட்ட பொழுதிலும் மூட்டம் விலகுவதில்லை.

இந்தக் காலநிலை பூஞ்சண ஈக்கு இரண்டு வழியில் துணைபோகிறது. முதலாவது, சாடி மண் காய்வதில்லை. கொழும்பில் இரண்டு நாளில் காயும் மேல்மண் நுவரெலியாவில் ஒரு வாரம் ஈரமாகவே கிடக்கலாம். கீழ்நாட்டுப் பழக்கத்தில் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் மண் எந்நேரமும் சொதசொதவென்று இருக்கும். ஈரத்தில் பூஞ்சணமும் பாசியும் படரும், அந்த வாசனையைத் தேடிப் பெண் ஈ வரும்.

இரண்டாவது, குளிரில் குடம்பி மெதுவாக வளர்கிறது. 24 பாகையில் பதினேழு நாளில் முடியும் வளர்ச்சி 16 பாகையில் இரு மடங்குக்கு மேல் நீண்டு ஒரு மாதத்தைத் தாண்டுகிறது. மெதுவாக வளர்ந்தால் தொல்லை குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஒழிக்க முற்படுபவருக்கு இது பாதகம். மூன்று வாரம் விடாமல் செய்தால் போதும் என்று வெப்பநாட்டுக் கையேடு ஒன்று சொல்லுமானால், அந்த மூன்று வாரத்தில் நுவரெலியாச் சாடியில் ஒரு தலைமுறைகூட முடிந்திராது. ஈ குறைந்துவிட்டது என்று நிறுத்தும் வேளையில் மண்ணுக்குள் பாதி வளர்ந்த குடம்பிகள் கிடக்கும்.

செடிக்கு வரும் கேடு

நன்கு வேரூன்றிய பெரிய செடியைப் பூஞ்சண ஈ கொல்வது அரிது. குடம்பிகள் பூஞ்சணத்தையும் மக்கிய இலையையும் தின்று திருப்தியடைகின்றன. எண்ணிக்கை கூடி உணவு போதாமற்போகும்போது வேர் மயிர்களையும் இளவேர்களையும் கடிக்கத் தொடங்குகின்றன. அப்போது தண்ணீர் இருந்தும் செடி வாடும், கீழ் இலைகள் மஞ்சளாகும். இதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றுவதுதான் வழமையாக நடக்கிறது. அது குடம்பிக்கு வசதி செய்துகொடுப்பதாக முடிகிறது.

உண்மையான ஆபத்து நாற்றுகளுக்கும் வேர்விடாத துண்டுகளுக்கும்தான். அவற்றின் வெட்டுவாயிலும் மென்மையான வேர்நுனியிலும் குடம்பி நுழைந்துவிடும். பிதியம் போன்ற அழுகல் நோய்க்கிருமிகளையும் இந்த ஈக்கள் சாடிக்குச் சாடி சுமந்து செல்கின்றன.

உருளைக்கிழங்குச் சோதனை

எந்தச் சாடியில் குடம்பி இருக்கிறது என்று அறிந்துகொள்ள நுவரெலியாவில் எங்கும் கிடைக்கும் உருளைக்கிழங்கே போதும். தோல் சீவிய கிழங்கை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் துண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மண்ணில் படும்படி சற்று அழுத்தி வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துத் துண்டைத் தூக்கி அடியைப் பார்த்தால், குடம்பி இருக்கும் சாடியில் கறுத்த தலைகளோடு அவை கிழங்கில் ஒட்டியிருக்கும். எல்லாச் சாடிகளிலும் ஒரே நாளில் துண்டு வைத்துப் பார்த்தால், தொல்லையின் ஊற்று பெரும்பாலும் ஓரிரு சாடிகளிலேயே இருப்பது தெரியவரும். துண்டோடு வரும் குடம்பிகளைக் குப்பையில் எறிவதும் ஒரு சிறு பயன்தான். ஆனால் இந்தச் சோதனையின் முதன்மைப் பயன் எண்ணிக்கையை அறிவது. வாரம் ஒரு முறை எண்ணிக் குறித்து வைத்தால், செய்யும் வேலை பலிக்கிறதா இல்லையா என்பது ஊகமின்றித் தெரியும்.

ஒரு பால்மா டின்னின் கணக்கு

ஈக்களைக் கொன்றும் ஏன் குறையவில்லை என்பதைச் சிறு கணக்கு ஒன்று விளக்கும். ஹட்டனில் ஒரு வீட்டு ஜன்னலில் பால்மா டின் ஒன்றில் பிகோனியா நட்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். டின்னின் அடியில் துளை இல்லை. மண்ணில் 10 பெண் ஈக்கள் முட்டையிடுகின்றன. கீழே வரும் எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சாடிக்குச் சாடி மாறும்.

பெண் ஈ ஒன்றுக்கு 100 முட்டை என்றால் மொத்தம் 1,000. இயற்கையாகவே பத்தில் ஒன்பது அழிந்துபோகட்டும். எஞ்சி ஈயாவது 100. அவற்றில் பாதி பெண் எனில் 50. எதுவும் செய்யாமல் விட்டால் ஒரு தலைமுறையில் 10 பெண் ஈக்கள் 50 ஆகின்றன.

இனி ஸ்பிரே. நாள்தோறும் அடித்து, அந்த 50 பெண் ஈக்களில் 30 முட்டையிடும் முன்பே செத்துவிட்டன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எஞ்சுபவை 20. பாதிக்கு மேல் கொன்ற பிறகும் தொல்லை முன்னையதைவிட இரு மடங்கு. பழைய நிலையிலேயே நிறுத்திவைக்க வேண்டுமானால்கூட ஐம்பதில் நாற்பதை, அதுவும் முட்டையிடும் முன், பிடித்தாக வேண்டும். ஈக்களோ நாள்தோறும் சில என்று வெளிவருகின்றன. எந்தக் கையும் அத்தனை விரைவில் அவற்றைப் பிடிக்காது.

இப்போது மண்ணுக்குள் இருக்கும் பருவத்தைத் தொடலாம். மேல்மண்ணைக் காயவிடுவதால், ஈயாகக்கூடிய நூற்றில் 40 மட்டும் தப்பட்டும். பெண் ஈக்கள் 20. இது மட்டும் போதாது. குடம்பியைக் கொல்லும் பக்டீரியாவை ஊற்றி நான்கில் ஒன்று மட்டும் தப்பினால் 25 ஈக்கள், அவற்றில் பெண் பன்னிரண்டோ பதின்மூன்றோ. இதுவும் தனியே போதாது. மஞ்சள் ஒட்டும் அட்டை பெண் ஈக்களில் ஐந்துக்கு இரண்டை முட்டைக்கு முன் பிடித்தால் ஐம்பதில் 30 எஞ்சும். இதுவும் போதாது.

மூன்றையும் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. காயவிட்டதில் தப்பிய 40-இல் பக்டீரியாவிலும் தப்புவது 10. அதில் பெண் 5. அட்டை அதில் இரண்டைப் பிடிக்க, எஞ்சுபவை 3. பத்து மூன்றாகிறது, அடுத்த தலைமுறையில் மூன்று ஒன்றாகிறது, அதன் பிறகு பூச்சியம். தனித்தனியே தோற்ற மூன்று முறைகள் ஒன்றன்மேல் ஒன்று பெருக்கப்படும்போது வெல்கின்றன. ஒரு தலைமுறைக்கு ஐந்து வாரம் என்று கொண்டால், மூன்று தலைமுறை கடக்க மூன்றரை மாதம் ஆகும். மலைநாட்டுக்குரிய கால அளவு அதுதான்.

முதல் வேலை: மேல்மண் காயவேண்டும்

முட்டையும் அப்போதுதான் பொரித்த குடம்பியும் மெல்லிய தோல் உடையவை. சுற்றிலும் ஈரம் இல்லாவிட்டால் அவை உலர்ந்து சாகின்றன. மண் காய்ந்தால் பூஞ்சணமும் வளர்ச்சியை நிறுத்துவதால் உணவும் இல்லை, முட்டையிட வரும் ஈயும் குறைகிறது. எனவே தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் செருகிப் பார்ப்பதே விதி. அந்த ஆழத்திலும் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். பன்னம் போல ஈரம் விரும்பும் செடிக்கு இவ்வளவு உலர்ச்சி ஆகாது. அதற்கு மேற்பரப்பு மட்டும் காய்ந்தால் போதும். மற்ற இரண்டு முறைகளைக் கூட்டிச் செய்ய வேண்டும்.

பால்மா டின்னுக்கும் பெயின்ட் வாளிக்கும் அடியில் ஆணியால் ஐந்தாறு துளை போடாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. தோட்டங்களில் தவறணையில் தேயிலைத் துண்டு நடும் பொலித்தீன் உறையிலும் நீர் வடிய வழி விட்டிருப்பார்கள். வீட்டுச் செடிக்கும் அதே நியாயந்தான். சாடிக்குக் கீழே வைத்த தட்டில் தேங்கும் நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

மண்ணின் மேல் ஒன்றரை சென்ரிமீற்றர் பருமனுக்குப் பருமணல் பரப்பினால் மேற்பரப்பு விரைவில் காயும். மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. முட்டையிட வரும் ஈக்கு அது உலர்ந்த தரை. இப்படிச் செய்த சாடியைத் தண்ணீர்த் தட்டில் சிறிது நேரம் நிறுத்தி அடியிலிருந்து நீர் உறிஞ்சவிடலாம்.

தேத்தண்ணி வடித்த சக்கையைச் செடிக்கு உரமென்று மண்மேல் கொட்டும் வழக்கம் மலையக வீடுகளில் பரவலாக உண்டு. ஈரச் சக்கையில் ஓரிரு நாளில் வெண்பூஞ்சணம் படர்ந்துவிடும். பூஞ்சண ஈக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. சக்கையை வெளியே கூட்டெருக் குழியில் போட்டு, நன்றாக மக்கிய பின் மண்ணோடு கலப்பதே சரி.

இரண்டாவது: குடம்பியை மட்டும் கொல்லும் பக்டீரியா

1976-ஆம் ஆண்டு இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில், நுளம்புக் குடம்பிகள் செத்துக்கிடந்த ஒரு குட்டையிலிருந்து புதுவகைப் பக்டீரியா ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. பெசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இனத்தின் இஸ்ரேலென்சிஸ் வகை அது. சுருக்கமாகப் பி.டி.ஐ. என்பார்கள். இது வித்துருவாகும்போது தன்னுள் ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. குடம்பி அதை விழுங்கியதும் அதன் குடலில் உள்ள காரத்தன்மை படிகத்தைக் கரைக்கிறது. கரைந்த புரதம் குடற்சுவரின் கலங்களைத் துளைக்கிறது. குடம்பி தின்பதை நிறுத்தி இறக்கிறது. மனித வயிறு அமிலத்தன்மை உடையது, அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடமும் அங்கே இல்லை. நுளம்பு ஒழிப்புக்கு உலகெங்கும் இது பயன்படுவதற்கு அந்தப் பாதுகாப்பே காரணம். இலங்கையிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகளுக்கு எதிராக இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வாங்கும்போது வகையைக் கவனிக்க வேண்டும். கோவா பயிரின் புழுவுக்கென்று விற்கும் பி.டி. வேறு வகை. அது அந்துப்பூச்சிப் புழுக்களைத் தாக்கும்; ஈயின் குடம்பியை ஒன்றும் செய்யாது. இஸ்ரேலென்சிஸ் என்று பொதியில் எழுதியிருக்க வேண்டும். பொதியில் சொன்ன அளவில் நீரில் கலந்து, மேல்மண் முழுதும் நனையும்படி ஊற்ற வேண்டும். மண்ணில் இதன் வலு சில நாளே நிற்பதாலும் முட்டையையும் கூட்டுப்புழுவையும் இது தொடாததாலும் வாரம் ஒரு முறை திரும்ப ஊற்றுவது அவசியம். வழக்கமாகத் தண்ணீர் ஊற்றும் நாளில் அந்தத் தண்ணீருக்குப் பதிலாகவே இதை ஊற்றினால் மண் மேலதிகமாக நனையாது.

ஐரோப்பிய, வட அமெரிக்கப் பசுமைக்குடில்களில் ஸ்டைனர்நீமா ஃபெல்டியே என்ற நுண்ணிய வட்டப்புழுவையும் நீரில் கலந்து ஊற்றுகிறார்கள். அது குடம்பியின் உடலுக்குள் நுழைந்து கொல்கிறது. தேயிலை வேரைக் கெடுக்கும் பிராட்டிலெங்கஸ் லூசி என்ற வட்டப்புழுவை மலையகம் நன்றாக அறியும். இது அதற்கு முற்றிலும் வேறானது. செடியைத் தொடுவதில்லை, குளிர்ந்த மண்ணிலும் வேலை செய்கிறது.

மூன்றாவது: மஞ்சள் அட்டை

பூஞ்சண ஈக்கள் மஞ்சள் நிறத்தால் ஈர்க்கப்படுகின்றன. கடையில் விற்கும் ஒட்டும் அட்டை இல்லாவிட்டால், மஞ்சள் பிளாஸ்டிக் துண்டில் ஆமணக்கெண்ணெய் தடவியும் வைக்கலாம். ஈ உயரப் பறப்பதில்லை என்பதால் அட்டை மண்ணுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அட்டையில் ஒட்டும் ஈக்களை வாராவாரம் எண்ணிக் குறித்துவிட்டு அட்டையை மாற்ற வேண்டும். வினாகிரிக் கிண்ணம் பழ ஈக்கு ஏற்ற பொறி. பூஞ்சண ஈ அதில் அதிகம் விழாது.

மருந்தடிப்பு: தேயிலை சொல்லும் பாடம்

இத்தனைக்கும் பதிலாகக் காய்கறித் தோட்டத்து மருந்தைக் கொஞ்சம் மண்ணில் ஊற்றினால் என்ன என்று தோன்றலாம். வயலுக்கான மருந்தை மூடிய அறையில் பயன்படுத்துவது வீட்டில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நேரடி ஆபத்து. அதற்கு அப்பால் இன்னொரு காரணத்தை இந்த மலைகளின் சொந்த வரலாறே தருகிறது.

தேயிலை இலைகளைப் பிணைத்துச் சுருட்டும் ஹோமோனா காபியேரியா என்ற புழு ஒரு காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களின் பெரிய பகையாக இருந்தது. 1925-இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1935–36-இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டது. மனிதரைத் துரத்திக் கொட்டும் குளவி அன்று இது. புழுவின் உடலுக்குள் முட்டையிடும், அதன் குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். சில ஆண்டுகளில் புழு அடங்கிப்போனது. பின்னர் 1950-களில், தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற மருந்து அடிக்கப்பட்டது. மருந்து குளவியைக் கொன்றது; அடங்கியிருந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகியது.

சாடி மண்ணும் சிறிய அளவில் அதே ஏற்பாடுதான். அங்கே குடம்பிகளைத் தின்னும் சிற்றுண்ணிகளும் வண்டுகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொல்லும் மருந்து அவற்றையும் கொல்லும். ஈரம் அப்படியே இருந்தால் முதலில் திரும்பி வருவது விரைவாகப் பெருகும் ஈயே.

புதுச் சாடி வைக்கும்போது

பெரும்பாலான வீடுகளுக்குள் பூஞ்சண ஈ நுழைவது புதிதாக வாங்கிய செடியோடும் அரைகுறையாக மக்கிய எருவோடும்தான். சூடு ஆறாத மாட்டெருவையும் பச்சைத் தழையையும் சாடியில் இடக்கூடாது. எரு கறுத்து, உதிர்ந்து, நாற்றம் நீங்கியிருக்க வேண்டும். தும்புத்தூள் நீரை நெடுநாள் தேக்கிவைக்கும். மலைநாட்டில் அதைக் குறைத்துப் பருமணலையோ சிறு கல்லையோ கூட்டிக் கலப்பது நல்லது. தூள்களையும் எருவையும் மழை படாமல் மூடி வைக்க வேண்டும்; நனைந்த மூட்டைக்குள்ளேயே ஈ முட்டையிட்டுவிடும்.

புதுச் செடியை மற்றவற்றோடு சேர்க்குமுன் ஒரு மாதமாவது தனியே வைத்து, மண்ணில் கிழங்குத் துண்டும் அருகில் மஞ்சள் அட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தொல்லை இருந்த வீட்டில், அட்டையில் ஈயும் கிழங்கில் குடம்பியும் ஐந்து வாரம் தொடர்ந்து இல்லாமற்போனால் ஒரு முழுத் தலைமுறை அற்றுவிட்டது என்று கொள்ளலாம். அப்போது பி.டி.ஐ. ஊற்றுவதை நிறுத்தலாம், அட்டையையும் எடுத்துவிடலாம். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை மட்டும் விடக்கூடாது. ஈ மறுபடி வராமல் தடுப்பது அதுதான்.